முதியோர் ஒன்றுகூடலுக்கு லொத்தர் காசு: ஏன் மறுத்தார்கள், இனி எப்படிக் கேட்பது?

வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா. வடமேற்கு லண்டனில் ஆறு வருடமாக முதியோர் ஒன்றுகூடல் ஒன்றை நடத்தி வருகிறோம். வெள்ளிக்கிழமைகளில் 35 பேர் வரை வருவார்கள். மண்டபம் வாடகைக்கு எடுத்து, மதியச் சாப்பாடு கொடுத்து, கதிரையில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சியும் நடத்துகிறோம். வருடத்துக்கு 3,000 பவுண் அளவில் நலன்விரும்பிகள் தருகிறார்கள். மிச்சம் எங்கள் கைக்காசு.

போன வருடம் லொத்தர் நிதிக்கு 20,000 பவுண் கேட்டு விண்ணப்பித்தோம். மண்டபத்துக்கு 8,000, சாப்பாட்டுக்கு 5,000, தீபாவளி, நவராத்திரி விழாக்களுக்கு 4,000, இதர செலவு 3,000. மறுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து வைப்பவர்கள் விதிக்குப் பொருந்தவில்லை, திட்டமும் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. எங்கள் நிர்வாக சபையில் நால்வர்: தலைவர், பொருளாளராக அவருடைய மனைவி, தலைவரின் மச்சான், செயலாளராக நான். கணக்கில் கையெழுத்து வைப்பது தலைவரும் அவருடைய மனைவியும்.

இப்போது ஒருவர், விண்ணப்பத்தைத் தானே எழுதித் தருகிறேன், கிடைப்பதில் பத்து வீதம் தாருங்கள் என்கிறார். எம்பியைப் பிடித்தால்தான் நடக்கும் என்கிறார் இன்னொருவர். எங்கள் பெரியவர்கள் சிலருக்கோ இது சூதாட்டக் காசு, வேண்டாம் என்ற எண்ணம். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்

வணக்கம். முதலில் அந்தப் பத்து வீதக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் எழுதுவதற்குக் கொடுக்கும் கூலியை இந்த மானியத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. எந்த வேலைக்கென்று காசு வந்ததோ அந்த வேலைக்கு மட்டும்தான் அதைச் செலவழிக்கலாம். 12,000 வந்து அதில் 1,200 அவருக்குப் போனால், நாளைக்கு அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்ல, நீங்கள். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் மின்னஞ்சலையே தொடர்பு முகவரியாகப் போட்டுவிடுவார்கள். பிறகு காசு கொடுக்கும் லொத்தர் நிதியத்தார் கேட்கும் கேள்வி ஒன்றும் உங்கள் கண்ணுக்கு வராது. விண்ணப்பிக்க ஒரு பென்ஸ் கட்டணமும் இல்லை. "உங்களுக்கு லொத்தர் மானியம் கிடைத்திருக்கிறது, பெற்றுக்கொள்ளக் கட்டணம் அனுப்புங்கள்" என்று எவராவது எழுதினால் அது மோசடி.

இனி, காசு வரும் வழியைப் பார்ப்போம். எம்பியைப் பிடிப்பதா என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது.

பிரித்தானிய தேசிய லொத்தர் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. முதல் சீட்டிழுப்பு 1994 நவம்பர் 19இல் நடந்தது. ஆரம்பத்திலிருந்து கெமலொட் நிறுவனம் நடத்தியது. 2024 பெப்ரவரி 1 முதல் ஓல்வின் நடத்துகிறது. சீட்டு விற்கிற காசில் 12 வீதம் லொத்தர் வரியாக அரசாங்கத் திறைசேரிக்குப் போகிறது. பரிசு, கடைக்காரரின் கமிஷன், நடத்துபவரின் பங்கு எல்லாம் வேறு. நற்பணிக்கென்று ஒதுக்கும் பங்கு தனியாக ஒரு பொது நிதிக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பொது நிதியைப் பராமரிப்பது கலாசார, ஊடக, விளையாட்டு அமைச்சு. அங்கிருந்து 20 வீதம் கலைக்கு, 20 வீதம் விளையாட்டுக்கு, 20 வீதம் மரபுரிமைக்கு, மிச்சம் 40 வீதம் சுகாதாரம், கல்வி, சூழல், தொண்டுப் பணிகளுக்கு என்று பிரிகிறது.

அந்த 40 வீதத்தைப் பகிர்ந்தளிப்பது நஷனல் லொட்டரி கொமியூனிட்டி ஃபண்ட். நிதியம், நிதியத்தார் என்று நான் சொல்வது இவர்களைத்தான். பிக் லொட்டரி ஃபண்ட் என்று முன்பு கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே அமைப்புத்தான். 2019இல் பெயர் மாறியது. அமைச்சர் பொதுவான கொள்கை வழிகாட்டல் கொடுக்கலாம். ஆனால் எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது இந்த அமைப்பு. எம்பியிடம் கடிதம் வாங்குவதால் கெடுதல் இல்லை, அதனால் காசு வரப்போவதும் இல்லை. எம்பி அலுவலகத்தில் காத்திருக்கும் ஒரு மாலையில், வெள்ளிக்கிழமை வருகிற பத்துப் பேரிடம் பேசி அவர்கள் சொன்னதை எழுதி எடுத்தால், அது விண்ணப்பத்துக்கு உதவும்.

இன்னொரு விதியையும் தெரிந்து வைத்திருங்கள். அரசாங்கமோ கவுன்சிலோ செய்தே ஆகவேண்டிய வேலைக்கு லொத்தர் காசு கொடுப்பதில்லை. அரசாங்கச் செலவுக்கு மேலதிகமாகத்தான் அது இருக்க வேண்டும். "கவுன்சில் பராமரிப்புச் சேவையைக் குறைத்துவிட்டது, அதற்குப் பதிலாக நாங்கள் செய்கிறோம்" என்று எழுதுகிற சங்கங்கள் தம்மையறியாமல் தமக்கெதிராகவே எழுதுகின்றன. உங்கள் ஒன்றுகூடல் எந்தக் கவுன்சிலும் செய்யாத வேலை. அதை அப்படியே எழுதுங்கள்.

பெரியவர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். அது மதிக்கவேண்டிய எண்ணம். லொத்தர் காசு வேண்டாம் என்று கொள்கையாகவே வைத்திருக்கும் மத அமைப்புகள் இந்த நாட்டில் பல உண்டு. இதை நீங்களும் தலைவரும் தனியாக முடிவு செய்யாதீர்கள். பொதுக்கூட்டத்தில் வைத்து, எல்லாரும் பேசி, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வாங்கினால் தேசிய லொத்தரின் இலச்சினையை உங்கள் அறிவித்தலிலும் மண்டபத்திலும் போட வேண்டிவரும். ஆகவே யாருக்கும் தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு சமாதானம் சொல்ல வழியில்லை. வேண்டாம் என்று சபை முடிவெடுத்தால் கவுன்சிலின் சிறு மானியங்கள், உள்ளூர் அறக்கட்டளைகள் என்று வேறு வாசல்கள் இருக்கின்றன.

வாங்குவது என்று முடிவானால் உங்களுக்குரிய வாசல் இங்கிலாந்துக்கான "அவார்ட்ஸ் ஃபோர் ஓல்" திட்டம். 300 முதல் 20,000 பவுண் வரை, இரண்டு வருடம் வரைக்கும் கேட்கலாம். 2023 நவம்பருக்கு முன்பு உச்சவரம்பு 10,000 ஆக இருந்தது. 20,000க்கு மேலே கேட்பவர்களுக்கு "ரீச்சிங் கொமியூனிட்டீஸ்" என்று வேறு திட்டம் இருக்கிறது. உங்கள் அளவுக்கு அது வேண்டாம். தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும் என்பதால், அனுப்புகிற நாளில் நிதியத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மறுப்புக்கு முதல் காரணம் வங்கிக் கணக்கு. எங்கள் ஆட்களின் சங்கங்கள் மிக அதிகமாக இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஒருவர் வீட்டில் தொடங்கி, மனைவி கணக்குப் பார்த்து, மச்சான் கதிரை அடுக்கி, அப்படித்தானே எங்கள் சங்கங்கள் வளர்கின்றன. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் காசு கொடுப்பவர் பார்க்கிறது ஒன்றைத்தான்: ஒரே வீட்டார் மட்டும் நினைத்தால் இந்தக் காசை எடுத்துவிட முடியுமா? உங்கள் கணக்கில் முடியும்.

விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தேவைக்கு மேலே பயந்து நல்ல ஆட்களை வெளியே அனுப்பிவிடும் சங்கங்களும் உண்டு. கணவனும் மனைவியும் நிர்வாக சபையில் இருக்கலாம். சபையில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. உங்களிடம் நீங்களும் தலைவரும் இருக்கிறீர்கள். கணக்கிலிருந்து காசு எடுப்பதற்கும் உறவில்லாத இருவரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் இரண்டு தொடர்பாளர்களும் அப்படியே உறவில்லாத இருவராக, வெவ்வேறு மின்னஞ்சலோடு இருக்க வேண்டும். உறவு என்று இங்கே சொல்வது இரத்த உறவை மட்டுமல்ல. திருமணம், நீண்டகாலத் துணை, அந்தத் துணை வழியாக வரும் உறவு, ஒரே விலாசத்தில் வசிப்பது எல்லாம் கணக்கு. மச்சானும் உறவுதான். தலைவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் விலாசம் ஒன்று என்பதால் சரிவராது.

எனவே பொதுக்கூட்டம் கூட்டி இன்னும் இரண்டு பேரைச் சபைக்குச் சேருங்கள். வெள்ளிக்கிழமை வருகிற பெரியவர்களில் ஒருவராவது இருக்கட்டும். அது வேறொரு கேள்விக்கும் உதவும், பின்னால் சொல்கிறேன். பொருளாளர் அக்கா பொருளாளராகவே இருக்கலாம். கையெழுத்துக்கு மட்டும் தலைவருக்குப் பதில் உங்களையும் புதியவர் ஒருவரையும் போடுங்கள். எந்த இருவர் கையெழுத்து வைத்தாலும் அவர்கள் உறவினர் அல்ல என்று இருக்க வேண்டும். இதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, வங்கியின் ஆணைப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். சங்கக் கணக்குகளில் இந்த மாற்றத்துக்கு வங்கி வாரக்கணக்கில் எடுக்கும், சில வேளை மாதக்கணக்கிலும் எடுக்கும். இணைய வங்கியையும் பாருங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்று வைத்துவிட்டு, தொலைபேசிச் செயலியில் ஒருவரே அனுப்பக்கூடியதாக விட்டிருப்பார்கள். இருவர் அனுமதித்தால்தான் காசு போகும் என்ற ஏற்பாடு அங்கேயும் வேண்டும்.

பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யாப்பில், அதாவது சங்கத்தின் விதிமுறைப் பத்திரத்தில், "வடமேற்கு லண்டன் தமிழ் முதியோர் சங்கம்" என்றும் வங்கிக் கூற்றில் "தமிழ் முதியோர் சங்கம்" என்றும் இருந்தால் அவர்களுக்கு அவை இரண்டு அமைப்பு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கூற்று கடைசி மூன்று மாதத்துக்குள் வந்ததாகவும், பெயரும் கணக்கு இலக்கமும் வங்கியின் இலச்சினையும் தெரிவதாகவும் இருக்கட்டும். சிரேஷ்ட தொடர்பாளராக வருபவர் தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்பில் உள்ளவராக இருக்க வேண்டும். பிறந்த திகதியும் கடைசி மூன்று வருட வீட்டு விலாசமும் கேட்பார்கள். அந்த விபரம் கொடுக்கச் சம்மதமா என்று முதலே கேட்டு வையுங்கள். கடைசி நாளில் ஒருவர் தயங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

யாப்பை எடுத்து வாசியுங்கள். குறிப்பாகச் சங்கம் கலைக்கப்பட்டால் மிச்சக் காசு என்னாகும் என்ற பந்தியை. வேறொரு சங்கத்தைப் பார்த்து எழுதிய பழைய யாப்புகள் சிலவற்றில் அந்தப் பந்தியே இருக்காது, அல்லது அங்கத்தவர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இருக்கும். பங்கிடலாம் என்றால் அது இலாப நோக்கற்ற அமைப்பு அல்ல. மிச்சம் இதுபோன்ற இன்னொரு தொண்டு அமைப்புக்குப் போகும் என்று திருத்துங்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்யும் சரிட்டி கமிஷன் சிறு அமைப்புகளுக்கென்று ஒரு மாதிரி யாப்பை இலவசமாக வைத்திருக்கிறது. புதிதாக எழுதுவதென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கமிஷனைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொண்டு நோக்கம் மட்டும் கொண்ட ஒரு சங்கத்தின் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் பதிவு செய்வது கட்டாயம். இப்போது 3,000 வருவதால் நீங்கள் தப்பியிருக்கிறீர்கள். மானியம் வந்த வருடத்தில் தாண்டிவிடுவீர்கள். பதிவு இல்லாமலும் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், அது தடையில்லை. ஆனால் காசு வந்த பிறகு பதிவுக்கு ஓடுவதைவிட இப்போதே சபையில் பேசி வைப்பது நல்லது.

இனி இரண்டாவது காரணம்: "திட்டம் தெளிவாக இல்லை." உங்கள் மனதுக்கு இது அநியாயமாகப் பட்டிருக்கும். ஆறு வருடம் தவறாமல் செய்கிற வேலை உங்களுக்குத் தெளிவுதான். கேட்ட கணக்கில்தான் அது தெரியவில்லை. நிதியத்தார் ஒரு சங்கத்தை நம்பிக் கொத்தாகக் காசு கொடுப்பதில்லை. யாருக்கு, எந்த நாளில், என்ன நடக்கும், அதற்கு என்ன செலவு என்ற ஒரு குறித்த வேலைக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் அனுப்பியதில் நாலு பெரிய தொகை இருந்தது, வேலை இல்லை.

"இதர செலவு 3,000" என்பதை வெட்டிவிடுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குவதற்கு அவர்கள் கொடுப்பதில்லை. 20,000 என்ற உச்சவரம்பில் கூட்டல் அச்சொட்டாக வந்து நிற்பதும் நல்லதல்ல. முதலில் தொகையை முடிவு செய்துவிட்டுப் பிறகு அதை நிரப்பியதுபோலத் தெரியும்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் உண்மை விலையை வையுங்கள். மண்டபம் மணிக்கு 22 பவுண், சமையலறையோடு மூன்றரை மணி நேரம், ஆகவே கிழமைக்கு 77. பள்ளி விடுமுறை, நத்தார் எல்லாம் கழித்து 44 கிழமை, மொத்தம் 3,388. நீங்கள் எழுதிய 8,000 எங்கிருந்து வந்தது என்று வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. 22ஐயும் மூன்றரையையும் 44ஐயும் பார்த்தால் கேள்வியே வராது. சாப்பாடு ஆளுக்கு மூன்றரைப் பவுண், 35 பேர், 44 கிழமை: 5,390. உடற்பயிற்சி ஆசிரியைக்கு வகுப்பொன்றுக்கு 45 பவுண், 44 கிழமை: 1,980. தொண்டர்கள் ஆறு பேருக்கு பஸ்ஸில் போகவர 3.50 என்றால் 924. இதை எங்கள் சங்கங்கள் கேட்க வெட்கப்படுகின்றன. தொண்டர் செலவு ஏற்கப்பட்ட செலவு, துணிந்து எழுதுங்கள். பெரியவர்களை வெளியே கூட்டிப்போகும் இரண்டு பயணத்துக்கு பஸ் வாடகை 1,100. கைத்தொலைபேசியில் வைத்தியரிடம் நேரம் எடுக்கப் பழக்குவதற்கு நான்கு டப்லட் கணினி 640. காப்புறுதி 180. உணவுச் சுகாதாரப் பயிற்சி நால்வருக்கு 60. தொலைபேசி, அச்சு 300. எல்லாம் கூட்டினால் 13,962.

பெரியவர்கள் கிழமைக்கு ஆளுக்கு ஒரு பவுண் போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அதை அதிலிருந்து கழியுங்கள்: 35 பேர், 44 கிழமை, 1,540. கேட்கவேண்டியது 12,422. இந்த ஒரு பவுணைக் கட்டாயம் காட்டுங்கள். தங்கள் ஒன்றுகூடலுக்கு அந்த மக்களே கை கொடுக்கிறார்கள் என்று அது சொல்கிறது. காசு இல்லாதவரிடம் கேட்பதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விழாவுக்கு வருவோம். மதச் சடங்குக்கு லொத்தர் காசு கிடையாது. நவராத்திரிப் பூசைக்குக் கேட்டது தவறு. ஆனால் கோயிலோ தேவாலயமோ விண்ணப்பிக்கவே கூடாது என்பதில்லை. செய்யும் வேலை மதம் சார்ந்ததாக இருக்கக்கூடாது, எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோயில் மண்டபத்தில் முதியோர் மதியச் சாப்பாடு நடத்தலாம். பொங்கலன்று அதே தெருவில் இருக்கும் மற்றச் சமூகத்தவரையும் அழைத்துச் சமைத்துச் சாப்பிடுவது, ஒருவரையொருவர் தெரியாத அயலவரைச் சேர்த்துவைக்கும் வேலை. அதை அப்படி எழுதலாம். ஆனால் பூசையைப் பெயர் மாற்றி விழாவாக்கி எழுதாதீர்கள். உங்கள் அறிவித்தல் துண்டு முகநூலில் கிடக்கும், அவர்களும் பார்ப்பார்கள்.

"தமிழருக்கு மட்டும் என்பதால் மறுத்திருப்பார்களோ" என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. ஆங்கிலம் பேச முடியாததால் மற்ற முதியோர் நிலையங்களில் ஒதுங்கி இருக்க வேண்டியவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு இடம் என்பது நியாயமான காரணம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், பின்தங்கியிருக்கும் ஒரு பிரிவினருக்காகத் தொண்டு அமைப்பு வேலை செய்ய இடம் கொடுக்கிறது. தோலின் நிறத்தை வைத்துப் பிரிக்கக்கூடாது என்பது மட்டும் விலக்கில்லாத விதி. ஏன் தமிழில் வேண்டும் என்று இரண்டு வரி விளக்கிவிட்டு, மற்றவரும் வரலாம் என்று எழுதுங்கள்.

விண்ணப்பத்தின் உயிர், "என்ன செய்யப்போகிறீர்கள்" என்பதற்கும் "உங்கள் சமூகத்தை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்பதற்கும் நீங்கள் எழுதும் பதில். சில நூறு சொல்லுக்குள் எழுத வேண்டும். முதலாவதைக் கணக்கை வைத்தே எழுதிவிடலாம். இரண்டாவதில்தான் நல்ல சங்கங்களும் வழுக்குகின்றன. "தமிழ் முதியோர் தனிமையில் வாடுகிறார்கள்" என்று எழுதுவார்கள். உண்மை, ஆனால் அதை யாரும் எழுதலாம். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்துத் தமிழிலேயே நான்கு கேள்வி கேளுங்கள்: தனியாக இருக்கிறீர்களா, கிழமையில் எத்தனை நாள் வீட்டுக்கு வெளியே போகிறீர்கள், இங்கே வருவதால் என்ன மாற்றம், இன்னும் என்ன வேண்டும்? எழுத முடியாதவர் சொல்வதைத் தொண்டர் எழுதட்டும். பிறகு எண்ணுங்கள். "32 பேரிடம் கேட்டோம், 19 பேர் தனியாக வசிக்கிறார்கள், 14 பேருக்கு வெள்ளிக்கிழமை தவிர வெளியே போக வேறு நாள் இல்லை. கைத்தொலைபேசி பழக்கச் சொல்லி 21 பேர் கேட்டார்கள், அதனால்தான் டப்லட் கேட்கிறோம்." எண்கள் உங்கள் தாளில் என்ன வருகிறதோ அதுதான், நான் போட்டவை எழுதும் முறைக்காக. இப்படி எழுதினால் டப்லட் எங்கிருந்து முளைத்தது என்ற கேள்விக்கும் விடை வந்துவிடும். சபையில் ஒரு பெரியவர் இருக்கட்டும் என்று முன்னே சொன்னதும் இதற்காகத்தான்: யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களும் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். பேசுகிற மாதிரி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மண்டபக் கதவு திறப்பதிலிருந்து கடைசிக் கோப்பை கழுவி வைக்கும் வரை. பிறகு அதை எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். "வலுவூட்டல்", "நிலைபேறான அபிவிருத்தி" மாதிரிச் சொற்களைத் தேடிப் போட வேண்டாம். வாசிக்கும் அலுவலர் ஒரே நாளில் பல விண்ணப்பம் வாசிப்பவர். எழுத உதவி தேவையென்றால், ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வ அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் உள்ளூர் மையம் பெரும்பாலும் இருக்கும். கவுன்சிலில் கேட்டால் சொல்வார்கள். காசு வாங்காமல் வாசித்துத் திருத்தம் சொல்வார்கள். நிதியத்தின் ஆலோசனைத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

மறுக்கப்பட்டவர் திரும்ப விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் அதே தாளைத் திரும்ப அனுப்பாதீர்கள். ஒன்றையும் மனதில் வையுங்கள்: எல்லாம் சரியாக இருந்தாலும் கிடைக்காமல் போகலாம். கேட்பவர்கள் காசைவிட அதிகம்.

சாப்பாடு சம்பந்தமாக ஒரு விடயம். கிழமைக்குக் கிழமை ஒழுங்காகச் சமைத்துப் பரிமாறுகிற குழு, கவுன்சிலில் உணவு வழங்குநராகப் பதிய வேண்டியிருக்கலாம். பதிவு இலவசம், தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன் செய்ய வேண்டும். நீங்கள் ஏற்கெனவே நடத்துவதால் உடனே கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள். முதியோரோடு வேலை செய்வதால் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் எழுத்தில் வேண்டும். ஒருவருக்கு ஆபத்து அல்லது துன்புறுத்தல் என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார் என்பதுதான் அதன் சாரம். இரண்டு பக்கம் போதும். இணையத்திலிருந்து இறக்கிப் பெயர் மாற்றாமலே அனுப்பிய கொள்கைகளும் உண்டு. அப்படி ஒன்று போய்ச் சேர்ந்தால் மிச்சத் தாள்களையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்கள்.

முடிவு வர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதற்கு முன்பு செலவழித்த காசைத் திருப்பித் தரமாட்டார்கள். டப்லட் மலிவு விற்பனையில் வந்தது என்று முன்கூட்டியே வாங்கினால் அது உங்கள் கைக்காசு. ஏப்ரலில் தொடங்க வேண்டுமென்றால் நவம்பரில் அனுப்பியிருக்க வேண்டும்.

கிடைத்துவிட்டால் பொதுவாக முழுத் தொகையும் ஒரே தடவையில் கணக்குக்கு வரும். இங்கேதான் நல்ல மனிதர்களும் சிக்கலில் மாட்டுகிறார்கள். கணக்கில் 12,000 கிடக்கும்போது ஒரு அங்கத்தவரின் செத்தவீட்டுச் செலவுக்கோ ஊரில் வெள்ளம் வந்ததற்கோ "கொஞ்சம் எடுத்துக் கொடுப்போம், பிறகு போடுவோம்" என்ற யோசனை வரும். மனம் நல்லது, ஆனால் அந்தக் காசைத் தொடக்கூடாது. மானியத்துக்கென்று தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள். பற்றுச்சீட்டுகளை அன்றன்றே படம் எடுங்கள்; கடைகளில் தரும் வெப்ப அச்சுச் சீட்டு சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், அரிசி வாங்கியதற்கு அத்தாட்சியே இருக்காது. மரக்கறிச் சந்தையில் சீட்டுத் தராத இடத்தில் வாங்கினால் திகதி, பொருள், விலை எழுதி வாங்கியவரும் இன்னொருவரும் கையெழுத்து வையுங்கள். திட்டம் மாறினால், உதாரணமாக உடற்பயிற்சி ஆசிரியை நின்றுவிட்டு அந்தக் காசை இன்னொரு பயணத்துக்குப் போட விரும்பினால், முதலில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே செலவழியுங்கள். கேட்டால் பெரும்பாலும் நியாயமாகத்தான் பார்ப்பார்கள். கேட்காமல் மாற்றிவிட்டால் காசைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கடிதத்தின் ஓரத்தில், பெரியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்த கதைகளைப் பதிவுசெய்ய ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். மிக நல்ல வேலை, காலம் கடத்த முடியாத வேலை. ஆனால் இதே விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். அது மரபுரிமைக்கு ஒதுக்கிய 20 வீதத்துக்குரியது. நஷனல் லொட்டரி ஹெரிடேஜ் ஃபண்ட் 10,000 பவுணிலிருந்து கொடுக்கிறது. அங்கே காசு வாங்கிச் செய்யும் ஒலிப்பதிவுகளைப் பெயர் குறிப்பிட்டு எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் வெளியிடக் கேட்பார்கள். போர்க்காலக் கதை சொல்லும் ஒரு அம்மாவுக்கு அதன் பொருள் என்னவென்று பதிவுக்கு முதலே விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்க வேண்டும். ஊரில் இருக்கும் உறவினரின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு பயந்து அழிக்கச் சொன்னால், வெளியே போனதைத் திருப்பி எடுக்க முடியாது. இந்த வருடம் முதியோர் ஒன்றுகூடலுக்குக் கேளுங்கள், சபையும் கணக்கும் ஒழுங்கானதும் அதற்குத் தனியாகக் கேட்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்து யாப்பில் சொன்ன முன்னறிவித்தலைக் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்கு அந்த நான்கு கேள்வித் தாளை 40 பிரதி அச்சடியுங்கள், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.